பட்டப் பெயர்கள் – பொருளும் பிறப்பும்

நாள்தோறும் காலையில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து நம் பெயர்களை வாசிக்கிறார். "உள்ளேன் அம்மா" என்று நாமும் பதில் சொல்கிறோம். ஆனால் அந்தப் பதிவேட்டுப் பெயரால் நம்மை அழைப்பவர் எத்தனை பேர்? வீட்டில் காமாட்சி 'காமு' ஆகிறாள். பாட்டிக்கு நாம் எல்லாரும் 'கண்ணு'. அண்ணனுக்குக் கோபம் வந்தால் நமக்கு வேறொரு பெயர் வந்துவிடும். அதை இங்கே எழுத முடியாது! ஆக, நம் ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. மற்றவர் இட்ட பெயர்கள் பல.

இலக்கண வகுப்பில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டு வகை படித்திருக்கிறோம். பட்டப் பெயர் எப்போதும் காரணப் பெயரே. அது ஏன் பிறந்தது, யார் வாயில் பிறந்தது என்று கேட்டால் ஒரு கதை கிடைக்கும். காரணம் அறியாமல் ஒரு பெயரைக் கேட்டுச் சிரிப்பது எத்தகைய தவறு என்பதை நாங்கள் இவ்வாண்டு ஒரு நிகழ்ச்சியால் கற்றுக்கொண்டோம். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே பாடத்தைத் தொடங்குவது முறை.

ஒரு தமிழ் வகுப்பில் நடந்தது

பாட்டி, தாத்தா பெயர்களையும் அவற்றின் பொருளையும் எழுதி வரும்படி தமிழம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொருத்தியாக எழுந்து படித்தோம். ஒரு தோழியின் முறை வந்தது. அவள் தயங்கித் தயங்கி, "என் பாட்டியின் பெயர் வியாகுலம்" என்றாள். பொருள் என்ன என்று கேட்டதற்கு, "துயரம்" என்றாள். வகுப்பு சிரித்தது. பின் வரிசையிலிருந்து யாரோ, "அழுமூஞ்சிப் பாட்டி!" என்றார்கள். அவ்வளவுதான். மாலை மணி அடிப்பதற்குள் அந்தப் பெயர் பாட்டியை விட்டுப் பேத்தியின்மேல் ஏறிவிட்டது. ஒரு வாரம் 'அழுமூஞ்சி' என்றே அவளை அழைத்தோம். அவளும் ஒரு வாரம் தனியே உட்கார்ந்து மதிய உணவு உண்டாள். எங்களில் ஒருத்தியும் அவள் பக்கத்தில் போய் அமரவில்லை.

இதை அறிந்த சிஸ்டர் ஒருவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. வகுப்புக்கு வந்து கரும்பலகையில் 'லோலா' என்று எழுதினார். "இந்தப் பெயர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "அழகாக இருக்கிறது, சிஸ்டர்" என்றோம். ஒருத்தி, "லோலாக்குப் போல இருக்கிறது" என்றாள். அப்போது சிஸ்டர் சொன்னார்: "ஸ்பெயின் நாட்டில் தொலோரெஸ் என்று பெண்களுக்குப் பெயர் வைப்பார்கள். அதை வீட்டில் சுருக்கி லோலா என்பார்கள். தொலோரெஸ் என்றால் வியாகுலங்கள். உங்கள் தோழியின் பாட்டி பெயரும் இதுவும் ஒன்றே."

வகுப்பில் ஓசையே இல்லை. அன்றிலிருந்து பெயர்களைத் தேடத் தொடங்கினோம். தேடியதில் கிடைத்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

'பட்டம்' என்னும் சொல்

பட்டம் என்பது அக்காலத்தில் அரசர் நெற்றியில் கட்டிய பொன் தகடு. சிறந்தவர்களுக்குச் சிறப்பின் அடையாளமாகவும் அதைக் கட்டுவார்கள். 'பட்டம் கட்டுதல்' என்ற வழக்கு அதிலிருந்து வந்தது. இன்று ஒருவரைப் பார்த்து, "திருடன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்" என்றும் சொல்கிறோம். ஒரே சொல் புகழுக்கும் பழிக்கும் பயன்படுகிறது. இரண்டிலும் அது கட்டப்படும் இடம் நெற்றிதான். கட்டப்பட்டவர் அதைத் தம் கண்ணால் பார்க்க முடியாது, ஊரார்தான் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்தில் 'நிக்நேம்' என்கிறோமே, அது முற்காலத்தில் 'ஈக் நேம்' என்று இருந்தது. கூடுதல் பெயர் என்பது அதன் பொருள். 'ஆன் ஈக் நேம்' என்று விரைந்து சொல்லச் சொல்ல, முன்சொல்லின் 'ன்' பின்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'நிக்நேம்' ஆயிற்று. பெயருக்கே இப்படி ஒரு பிறப்புக் கதை!

பட்டப் பெயருக்குப் பெயர்போன ஊர் நம் காஞ்சி. கைலாசநாதர் கோயிலுக்குச் சுற்றுலா சென்றவர்கள் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறு சிறு கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் தன் பட்டப் பெயர்களை அவற்றில் வெட்டி வைத்திருக்கிறான். இராஜசிம்மன், அத்யந்தகாமன், ரணஜயன் என அவை இருநூற்றுக்கும் மேற்பட்டவை. அவனுடைய இயற்பெயரோ நரசிம்மவர்மன். அவனுக்கு முன் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்று பெயர் பெற்றான். ஓவியருள் புலி என்பது பொருள். மகேந்திரன் மகன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப் பெயர் மாமல்லன். மாமல்லபுரத்தின் பெயரில் இன்றும் அந்தப் பட்டம் வாழ்கிறது.

சுருங்கிப் பிறந்த பெயர்கள்

பட்டப் பெயர் பிறக்கும் வழிகளுள் எளியது சுருக்கம். வரதராஜன் வரதன் ஆகிறார். 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் பிறந்து, 1967இல் தமிழக முதலமைச்சரான அண்ணாதுரை, 'அண்ணா' ஆனார். இங்கே ஒரு நயம் உண்டு. பெயரின் பாதியே உறவு முறையாகவும் அமைந்துவிட்டது. அதனால் அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணா என்றே அழைத்தார்கள்.

ஸ்பானிய மொழியில் இந்தச் சுருக்கம் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. பிரான்சிஸ்கோ என்பவர் வீட்டில் பாக்கோ அல்லது பாஞ்சோ. ஹொசே என்னும் யோசேப்பு பெப்பே. இக்னாசியோ நாச்சோ. ரொசாரியோ சாரோ. கொன்செப்சியோன் என்ற நீண்ட பெயர் கோஞ்சா ஆகி, இன்னும் செல்லமாகக் கோஞ்சித்தா ஆகிறது. கேட்டாலே கொஞ்சத் தோன்றுகிறது அல்லவா! சொல்லின் இறுதியில் 'இத்தா' சேர்த்தால் பெண்ணுக்குச் செல்லம். 'இத்தோ' சேர்த்தால் ஆணுக்குச் செல்லம். நாம் 'குட்டி' என்று சேர்ப்பதைப் போன்றது இது.

பிரான்சிஸ்கோவில் உள்ள முதல் எழுத்து எப்படிப் 'ப' ஆயிற்று? குழந்தையின் நாவுக்கு உதடு ஒட்டும் எழுத்துகளே முதலில் வரும். தமிழிலும் அந்த ஒலி இல்லாமையால் நாம் 'பிரான்சிஸ்' என்றே எழுதுகிறோம். ஸ்பானியக் குழந்தையும் தமிழரும் இவ்விடத்தில் ஒரே வழியில் செல்கிறோம்.

பெப்பே என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். புனித யோசேப்பை இயேசுவின் வளர்ப்புத் தந்தை என்று குறிக்க இலத்தீனில் இரண்டு சொற்கள் எழுதுவார்களாம். இரண்டும் 'ப' ஒலியில் தொடங்குபவை. அந்த இரு 'ப'க்களும் சேர்ந்து பெப்பே ஆயிற்றாம். கதை இனிமையாக இருக்கிறது. ஆனால் யோசேப்பின் பழைய ஸ்பானிய வடிவமான 'ஹொசேப்பே' என்பது சுருங்கியே பெப்பே ஆனது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ஆகவே பெயராய்வில் ஒரு பாடம்: கதை இனித்தால் மட்டும் அது வரலாறு ஆகிவிடாது.

கடல் கடந்து வந்த பெயர்கள்

நம் தாத்தா பாட்டியரின் பெயர்களை நாகரிகமற்றவை என்று சிலர் எண்ணுகிறோம். சூசை, சந்தியாகு, இன்னாசி, சவரியம்மாள் என்று சொல்ல வெட்கப்படுகிறோம். அவை கடந்து வந்த தூரத்தைப் பாருங்கள்.

யோசேப்பைப் போர்த்துக்கீசியர் 'ஜோசே' என்றார்கள். தமிழ் நாவில் அது சூசை ஆயிற்று. புனித யாக்கோபு ஸ்பெயினில் 'சாந்தியாகோ'. அவரே தமிழ்நாட்டில் சந்தியாகு. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் தலைநகருக்கும் அதே பெயர்தான். சந்தியாகுத் தாத்தாவின் பெயரில் ஒரு தலைநகரம் இருக்கிறது! இன்னாசி என்பது இஞ்ஞாசியார் பெயர். ஸ்பானிய மொழியில் அவர் இக்னாசியோ, செல்லமாக நாச்சோ. 1940களில் மெக்சிகோ நாட்டில் அப்படி அழைக்கப்பட்ட உணவக ஊழியர் ஒருவர் சோள வறுவலின்மேல் பாலாடைக்கட்டியை உருக்கிப் பரிமாறினார். இன்று கடைகளில் நாம் வாங்கும் 'நாச்சோஸ்' அவர் செல்லப் பெயரைத் தாங்கியதே. இன்னாசித் தாத்தாவின் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அடுத்த முறை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நினைத்துக்கொள்ளட்டும்.

சவேரியார் கதை இன்னும் சுவையானது. 1506இல் ஸ்பெயினின் நவார் பகுதியில் ஹாவியேர் என்னும் கோட்டையில் பிறந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோட்டையின் பெயரே அவர் பெயராயிற்று. அப்பகுதியின் பாஸ்கு மொழியில் அதன் மூலச் சொல்லுக்குப் 'புது வீடு' என்று பொருள். ஆக, சவரியம்மாள் என்றால் புதுவீட்டு அம்மாள்!

வெளிநாட்டிலிருந்து வந்த குருமார்களும் நம் மொழியில் பெயர் பெற்றார்கள். 1693இல் ஓரியூரில் மறைச்சாட்சியாக உயிர் துறந்த ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயரில் இறைவனின் அருள் என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்த கொன்ஸ்டான்சோ பெஸ்கி, உறுதியைக் குறிக்கும் தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்று போற்றப்பட்டார். அவர் தேம்பாவணியில் யோசேப்புக்கு இட்ட பெயர் வளன். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். ஆகவே நம் முன்னோர் சின்னப்பர் என்றார்கள். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி. ஆகவே முடியப்பர் என்றார்கள்.

ஊரும் தொழிலும் தந்த பெயர்கள்

நம் ஊர்த் தெருக்களில் தறிக்காரர் வீடு, சாயக்காரர் வீடு, ஜரிகைக்காரர் வீடு என்று சொன்னால் போதும். கதவு எண் வேண்டாம். இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற ஓவியர் ஒருவரை உலகம் 'தின்தொரேத்தோ' என்றே அறியும். அது அவர் இயற்பெயர் அன்று. அவர் தந்தை துணிக்குச் சாயம் தோய்ப்பவர். அதனால் மகனுக்குச் 'சின்னச் சாயக்காரன்' என்று பெயர் வந்தது. சாயக்காரர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லப்படுவதில் இழிவு ஏதுமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அசிசி நகரத்துப் புனிதரின் கதையும் நம் ஊருக்கு நெருங்கியதே. அவருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் யோவான். அவர் தந்தை துணி வணிகர்; பிரான்சு நாட்டோடு வாணிகம் செய்தவர். அவர் மகனைப் 'பிரான்செஸ்கோ' என்று அழைத்தார். பிரெஞ்சுக்காரன் என்பது அதன் பொருள். துணிக்கடையில் பிறந்த அந்தப் பட்டப் பெயரே உலகெங்கும் பிரான்சிஸ், பிரான்சிஸ்கா, பாக்கோ என்று பரவியது. 2013இல் அர்ஜென்டினா நாட்டவர் ஒருவர் திருத்தந்தை ஆனபோது, ஏழைகளை மறவாதிருக்க வேண்டும் என்று அந்தப் பெயரையே ஏற்றார்.

காஞ்சியிலும் இத்தகைய பெயர்கள் உண்டு. திருவெஃகாவில் ஒரு பொய்கையில் தோன்றியவர் என்பதால் பொய்கையாழ்வார் என்று பெயர் வந்ததாக மரபு கூறும். கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் பெயரில் காஞ்சியின் பழம்பெயரான கச்சி இருக்கிறது. ஏகாம்பரம் என்ற பெயர் 'ஒற்றை மாமரம்' என்னும் வடசொற்களிலிருந்து வந்தது என்பர். கோயிலில் உள்ள மாமரத்தை நாம் அறிவோம்.

நற்செய்தியில் பட்டப் பெயர்கள்

திருமறையைத் திறந்தால் அங்கும் பட்டப் பெயர்கள் இருக்கின்றன. மீனவராகிய சீமோனுக்கு இயேசு 'பாறை' என்று பெயரிட்டார். பின்னாளில் மும்முறை மறுதலிக்கப்போகிறவர் அவர்; அவர் அப்போது பாறை அல்லர். ஆனால் அவர் என்ன ஆகக் கூடுமோ, அதையே இயேசு அவருக்குப் பெயராகத் தந்தார். யோசேப்பு என்னும் ஒருவரைத் திருத்தூதர்கள் பர்னபா என்றார்கள். ஊக்கம் தரும் மகன் என்பது அதன் பொருள். தோமா என்பதற்கு இரட்டையர் என்பதே பொருள்.

நாம் இடும் பட்டப் பெயர் ஒருத்தியின் நேற்றைய தவறை நினைவூட்டுகிறது. சீமோன் பெற்ற பெயர் அவருடைய நாளைய உயர்வை முன்கூட்டிச் சொன்னது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தோம்.

அன்னையின் பெயர்கள்

இப்போது லோலாவிடம் திரும்புவோம். ஸ்பானியர் பெண் குழந்தைக்கு மரியா என்னும் பெயரோடு அன்னையின் சிறப்புப் பெயர் ஒன்றையும் சேர்ப்பார்கள். நாளடைவில் மரியா மறைந்து சிறப்புப் பெயர் மட்டும் நிற்கும். நம் வீடுகளிலும் இதே வழக்கம்தான். ரொசாரியோ நம்மிடம் செபமாலை. கொன்செப்சியோன் அமலோற்பவம். சலூத் ஆரோக்கியம். சொக்கோரோ சகாயம். ஆங்ஹெலெஸ் சம்மனசு. நியேவெஸ் என்றால் பனி. பனியே பெய்யாத தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம் இருக்கிறது. பனிமேரி என்று பெயர் பெற்ற பெண்களும் இருக்கிறார்கள். தொலோரெஸ் வியாகுலம். வியாகுல அன்னையின் திருநாள் செப்டம்பர் 15.

கடலுக்கு அப்பால் ஒரு வீட்டிலும், காஞ்சியில் தறி ஓடும் ஒரு வீட்டிலும், ஒரே எண்ணத்தோடு குழந்தைக்குப் பெயர் இட்டிருக்கிறார்கள். துயரத்தில் துணை நிற்கும் தாயை நினைத்து இட்ட பெயர் அது. குழந்தை அழுதுகொண்டே இருக்கட்டும் என்று இட்டதன்று.

நெஞ்சைச் சுடும் பெயர்கள்

எல்லாப் பெயர்களும் இப்படி அன்பில் பிறந்தவை என்று சொல்லிவிட முடியாது. குப்பம்மாள், பிச்சையம்மாள் என்பன கேட்பதற்கு இழிவாகத் தோன்றினாலும் அன்பில் பிறந்தவையே. பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்த வீட்டில், 'இது குப்பைதான்' என்று சொன்னால் எமன் விட்டுவிடுவான் என்று அஞ்சிய தாய் வைத்த பெயர் அது.

ஆனால் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்ற பெயர்களும் நம் தமிழகத்தில் உண்டு. நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத திருத்தணிப் பக்கத்திலும் பெண் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று பெயரிட்ட செய்தி நாளிதழ்களில் வந்திருக்கிறது. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையில் இட்ட பெயராம். ஒவ்வொரு நாள் காலையிலும் வகுப்பில் அந்தப் பெயருக்கு ஒரு சிறுமி "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்திலும் வேண்டாதவள் என்று பொருள்படும் பெயர் வழக்கில் இருந்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் அங்குச் சத்தாரா மாவட்டத்தில் 285 சிறுமியர் ஒரே விழாவில் அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் புதுப் பெயர் பெற்றார்கள். நெற்றியில் பிறர் கட்டிய பட்டத்தை அவிழ்க்கவும் முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

உருவத்தைச் சுட்டும் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பானிய மொழியில் மொரேனோ, கால்வோ, தெல்காதோ என்பன இன்று மதிப்புள்ள குடும்பப் பெயர்கள். அவற்றின் பொருள் கரியவர், வழுக்கையர், மெலிந்தவர். பாட்டி மடியில் வைத்துக்கொண்டு "என் கருப்பி" என்றால் அது செல்லம். அதே சொல்லை முப்பது பேர் சேர்ந்து சொன்னால் அது கல்லெறிதல். சொல் ஒன்றுதான், சொல்லும் வாய்தான் வேறு.

நிறைவாக

நாங்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் தோழியின் வீட்டுக்குச் சென்றோம். பாட்டி திண்ணையில் அமர்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். எங்களில் இருவர் அழுதுவிட்டார்கள். பாட்டி கையை நிறுத்தாமலே சொன்னார்: "மாதா திருநாள்ல பொறந்தேன்னு எங்கப்பா சந்தோஷமாத்தான் அந்தப் பேர வெச்சாரு. எனக்கில்லாத அழுகை உங்களுக்கு எதுக்குக் கண்ணுங்களா?"

தோழி அன்று எங்களோடு அதிகம் பேசவில்லை. திங்கட்கிழமை மதியம் நாங்களே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். அவள் எழுந்து போகவில்லை. சில நாட்கள் கழித்துத்தான் சிரித்தாள்.

அன்புத் தோழியரே, ஒருத்திக்குப் பட்டப் பெயர் சூட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இதை அவள் தாய் முன்னிலையில் சொல்வோமா? இதைக் கேட்டு அவளும் சிரிப்பாளா? இதே பெயரை நமக்குச் சூட்டினால் ஏற்போமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் தாராளமாகச் சூட்டலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் அந்தப் பெயர் நம் வாயோடு நிற்கட்டும்.

இக்கோடை விடுமுறையில் ஒரு சிறு வேலையும் செய்யலாம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒவ்வொருவரிடமும் சென்று, "உங்களுக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்? வீட்டில் எப்படி அழைத்தார்கள்?" என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பெற்றோரும் இதற்கு உதவ வேண்டுகிறோம். பள்ளி திறந்ததும் அக்குறிப்பேடுகளை வகுப்பில் படிப்போம். முதலில் படிக்க எங்கள் தோழி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.